எம் பங்குப் புகை

பஸ் வந்து நின்றால் எல்லோரும் அதன் நெற்றியில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். என் எதிர்வீட்டு அக்கா பின்பக்கம் போய்க் குனிந்து பார்ப்பாள். புகைக்குழாய் இருந்தால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவாள். பம்பாய்ச் செம்பூரில் எங்கள் காலனி வாசலில் காலை நேரத்தில் ஒரு பஸ்ஸை விடுவது என்றால் என்னவென்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அக்கா ஒன்றை விடுவாள், அடுத்ததையும் விடுவாள். வருகிறாயா இல்லையா என்று கண்டக்டர் தலையை நீட்டி, "மாவ்ஷி, ஆனா ஹை க்யா?" எனக் கத்துவான். "தும் ஜாவ்" என்று கையை ஆட்டிவிட்டு ஃபோனைப் பார்ப்பாள். அதில் மின்சார பஸ் எந்தத் தெருவில் வருகிறது என்று ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும்.

நான் காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "ஸ்டேஷன்ல விடட்டுமாக்கா?" என்று கேட்பேன்.

"உன் வண்டி டீசல்லா எம்மா?"

ஏதோ நேற்று ராத்திரி நான் வண்டியை மாற்றியிருப்பேன் என்பது போல ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. "ஆமாம், டீசல்தான், நீங்க வெயில்லயே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். குர்லாவில் என் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் போய்ச் சேரும் வரைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கும். பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

நான் மாட்டுங்காவில் பிறந்தவள். அம்மா போன பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டுச் செம்பூரில் ஒண்டிக்கட்டையாகக் குடியேறினேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று காலனியில் பேர். எதிர்வீட்டுக் கதவு மட்டும் அதைக் கண்டு மூடவில்லை. அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். புருஷன் டிராம்பே பக்கம் ஓர் ஆலையில் கான்டிராக்ட் ஃபிட்டர். அக்காவுக்கு மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஒரே பெண், கிருபா. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தன் பங்கு என்று ஒன்று இருந்து அதைச் செய்யாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று செக்ரட்டரி சொன்னால், வருவது அவள் ஒருத்திதான். நாங்களெல்லாம் வேலைக்காரியை அனுப்புவோம், அல்லது தலைவலி வந்துவிடும். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துவிட்டு, மேலே ஏறி வந்து, "எங்க வீட்டு மூலைய முடிச்சாச்சு" என்பாள். தொட்டிக்கு ஏது வீட்டு மூலை? ஆனாலும் அவள் தேய்த்த இடம் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும்.

இப்படிப்பட்டவளிடம் போய் அந்த டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கிருபாவுக்குக் குழந்தையிலிருந்தே இளைப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வரும். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கும். என் வீட்டுக் கதவு வழியாக அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டிருக்கிறேன், பல நாள் சாப்பிடாமல் தட்டை வைத்துமிருக்கிறேன். ஒருமுறை ரொம்ப முடியாமல் போனபோது நானும் கிளினிக்குக்குப் போனேன். அந்த மராத்தி டாக்டரம்மா நல்லவள். "இந்தப் பக்கத்துக் காற்று இவளுக்கு ஆகாது. புகைதான் காரணம், முடிந்தால் வேறு எங்காவது குடிபோங்கள்" என்றாள். குடிபோவதாவது! புருஷனுக்கு வேலை இங்கே, வாங்கிய வீடு இங்கே. அக்கா குடிபோவதைப் பற்றிக் கேட்கவில்லை. "யாரோட புகை டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "எல்லாருடையதும்தான். உங்களுடையது, என்னுடையது" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அது பேச்சோடு போயிருக்கும். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். நானும் கிருபாவும் ஆட்டோவில், அவள் நடந்து.

அவர்களிடம் பொருத்தனை என்று ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைக்கும் வரைக்கும் கறி தின்ன மாட்டேன், நகை போட மாட்டேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் மீறக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்காலில் நின்று அக்கா ஒரு பொருத்தனை பண்ணினாள். பிள்ளைக்கு மூச்சு சீராகிற வரைக்கும் புகை விடும் வண்டியில் ஏற மாட்டாள். அவர்கள் பாதிரியாரை ஐயர் என்பார்கள். பிராமணர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். அந்த ஐயரே மிரண்டுபோய், "இப்படியெல்லாம் வேதத்துல இல்லம்மா, வேற ஏதாவது நேர்ந்துக்க" என்று சொல்லிப் பார்த்தாராம். "சொல்லியாச்சு ஐயரே, மாத்த முடியாது" என்று வந்துவிட்டாள்.

நான் விடவில்லை. "அக்கா, நீங்க ஒருத்தர் ஆட்டோல ஏறலேன்னா பம்பாய் காத்து சுத்தமாயிடுமா?" என்று கேட்டேன்.

"ஆவாது."

"அப்புறம்?"

"ஊர்ப் புகைய நான் நிறுத்த முடியுமா எம்மா? எம் பங்குப் புகைய நிறுத்தலாம்லா. எம் பிள்ளை நெஞ்சுக்குள்ள போறதுல எம் புகை இருக்கக் கூடாது. அம்புட்டுதான்."

 

அந்த நேரம் பார்த்து அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் எல்லோருடைய ஃபோனிலும் ஓர் ஆப்பை ஏற்றிவிட்டாள். பிள்ளைகளுக்கு ஏதோ சுற்றுச்சூழல் பாடம். நடந்தாலோ, ரயிலில் போனாலோ, மின்சார பஸ்ஸில் போனாலோ திரையில் இருக்கும் செடிக்கு இலை விடும். காரிலோ ஆட்டோவிலோ போனால் இலையெல்லாம் உதிர்ந்துவிடும். நாம் எதுவும் சொல்ல வேண்டாம், ஃபோன் பைக்குள் கிடந்தபடியே நாம் எதில் போகிறோம் என்று கண்டுபிடிக்கும். சந்தேகம் வந்தால் மட்டும் கேட்கும். மற்ற டீச்சர்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அக்காவுக்கு அதுதான் பொருத்தனைக்குச் சாட்சியாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஃபோனைத் திறந்து, "கிருபா, இங்க பாரு, புது எல" என்பாள். கிருபா பார்ப்பாள். அவளுக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது.

பிறகு காலனியையே திருத்த ஆரம்பித்தாள். ஒரு நாள், "உன் ஃபோனக் கொஞ்சம் குடு" என்று வாங்கிப்போய் என்னவோ செய்து திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் என் காருக்குப் பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவன் வடாபாவ் தின்றுகொண்டு, ஒருத்தி ஃபோனில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு பெரியவர் கையில் குடையோடு. குர்லாவுக்கு என் காரில் இடம் இருப்பதாக ஏதோ ஆப்பில் போட்டுவிட்டாள்! முகத்தில் அடித்தாற்போல் போகச் சொல்ல எனக்கு வாய் வராதா என்ன, ஆனால் அவள் பால்கனியில் நின்று கும்பிட்டாள். ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பெரியவர் எனக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்தார். வடாபாவ்காரன் சட்னிக் கையை என் பின்சீட் உறையில் துடைத்தான்.

சாயங்காலம் நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அக்கா நிதானமாகக் காப்பி கொடுத்துவிட்டு, "நாலு வண்டி ஓட வேண்டிய எடத்துல ஒரு வண்டி ஓடிருக்கு. உன் டீசலுக்கு அந்த நன்மையாவது வேண்டாமா?" என்றாள். கிருபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். அதற்காகவே அந்த வீட்டில் யாரும் பெரிதாக வேடிக்கை பேச மாட்டார்கள்.

அவள் புருஷனுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை விற்கச் சொன்னாள். அவர் விற்றுவிட்டதாகச் சொன்னார். ஒரு நாள் இரண்டு தெரு தள்ளி, மிட்டாய்க் கடைக்குப் பின்னால் அவர் அதைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அவகிட்ட சொல்லிராதீங்க மேடம். ஷிப்ட்டு முடியுற டயத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே கெடையாது. வேலைய விடவா முடியும்?"

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நாளிலேயே அக்கா வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மின்சார பஸ்ஸையும் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அவுக பைக்ல போறாக. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காக. சட்டைல பெட்ரோல் வாடை அடிக்கில்லா? பாவம், என்ன செய்வாக, வேலைக்குப் போணும்லா. அவுக பங்குக்கும் சேத்து நான் நடக்கேன்."

அவள் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "கடவுள் என்ன இப்படி வட்டிக்கடைக்காரனா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் கிருபா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தாராவியில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பாவும் மகளும் ஆட்டோவில் போனார்கள். அக்கா ரயிலில் போய் ஜி.டி.பி. நகரில் இறங்கி, பட்டுப்புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பெண்ணோடு படம் எடுக்கிறவர்களெல்லாம் எடுத்து முடித்துச் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்புறம் அந்தப் படங்களைக் கிருபா எனக்குக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா எங்கேடி?"

"அம்மா எல்லா ஃபோட்டோவுக்கும் லேட் ஆன்ட்டி" என்றாள். பள்ளிக்கூட ஆண்டுவிழா, பிறந்தநாள், டாக்டர் வீடு என்று அவள் எங்கே இறங்கினாலும் அம்மா பின்னால்தான் வந்துகொண்டிருப்பாள். பிள்ளைக்காகத்தான் அத்தனையும். பிள்ளைக்குப் பக்கத்தில் மட்டும் அவள் இருக்கவில்லை.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கிருபாவுக்கு இளைப்பே வரவில்லை. திரையில் செடி மரமாகி, இலை அடர்ந்து, ஒரு குருவிகூட வந்து உட்கார்ந்தது. அக்கா சபையில் சாட்சி சொல்லப்போகிறேன், நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்குச் சாட்சி என்று பேர். கிட்னியில் கல் நீங்கியது, கடன் தீர்ந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அக்கா எழுந்து ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "எம் பிள்ளை இப்ப நல்லா மூச்சு விடுதா" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். சபையே அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன், வெட்கப்படாமல்.

திரும்பி வரும்போது, "மழை பெய்ஞ்சு தூசியெல்லாம் அடங்கியிருக்குக்கா, அதனாலதான்" என்றேன்.

"மழை யாரு குடுத்தது?" என்றாள்.

மழை விட்டது. வானம் சாம்பல் நிறத்தில் கீழே இறங்கி வந்து கட்டடங்களின் தலையில் உட்கார்ந்தது. ஒரு பக்கம் ரோடு தோண்டினார்கள், ஒரு பக்கம் பழைய கட்டடத்தை இடித்தார்கள், தீபாவளி வெடி வேறு. எங்கள் காலனியில் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அக்கா இன்னும் அதிகமாக நடந்தாள்.

ஒரு நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு சுவரில் மோதித் திறந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கிருபா சோபா விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மருந்துப் புகை கொடுக்கும் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பிரயோஜனமில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்பா வேலைக்குப் போயாகிவிட்டது. அக்கா நடுக்கூடத்தில் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரக் கார் கூப்பிடும் ஆப்பில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"தேடுது எம்மா, இப்ப கெடைச்சிரும். இப்ப கெடைச்சிரும்."

ஆம்புலன்சுக்கும் சொல்லியிருக்கிறாள். அது எங்கேயோ ஜாமில் நிற்கிறதாம். ஜன்னலுக்குக் கீழே வரிசையாக ஆட்டோக்கள் நின்றுகொண்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். அதற்கு நேரமில்லை. கிருபாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அக்கா தடுக்கவில்லை. மருந்துப் பையையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள், காரின் முன்கதவைத் திறந்துவிட்டாள், பிள்ளையை உட்காரவைத்து பெல்ட் போட்டாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

"ஏறுங்கக்கா!"

"நீ போ. நான் ஓடி வாரேன்."

"பைத்தியமா உங்களுக்கு? ஏறுங்க!"

"இப்ப ஏறுனா அம்புட்டும் போச்சு எம்மா. இன்னைக்குத்தான் ஏறவே கூடாது. போ, போ, நிக்காத!"

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். என் டீசல் புகைக்குள் அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

காலனித் தெருவைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் பஸ்ஸும் லாரியும் காருமாக அடைத்துக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். கிருபா கண்ணாடியைத் தட்டினாள். பார்த்தால் அக்கா நடைபாதை ஓரமாக வந்து காரைப் பிடித்துவிட்டாள். கண்ணாடியை இறக்கினேன். அவள் கையை உள்ளே நீட்டினாள், கிருபா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கார் நகர்ந்தால் அக்கா கூடவே நடந்தாள், நின்றால் நின்றாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அவள் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அவளைத் திட்டிக்கொண்டு இடித்துப் போனான்.

அப்புறம் வழி கொஞ்சம் விட்டது. வேகம் எடுத்தேன். அக்கா ஓடிப் பார்த்தாள், முடியவில்லை, கையை உருவிக்கொண்டாள். கிருபா என்னைப் பார்த்தாள். பேசும் அளவுக்கு அவளிடம் மூச்சு இல்லை. சிக்னலுக்கு முன்னால் நான் வேகத்தைக் குறைத்ததும், அந்தப் பெண் பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள், ஒரு காலை ரோட்டில் வைத்தாள்.

நான் பிரேக்கை மிதித்து அவள் சட்டைக் காலரைப் பிடித்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். மகளுடைய காலைப் பார்த்தாள். பிள்ளையை உள்ளே தள்ளி, தானும் ஏறி, அவளை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கிருபா அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

பிழைத்துக்கொண்டாள். ஊசி, ஆக்சிஜன், ஏதேதோ. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஒரு டாக்டர் சொல்ல ஆரம்பித்தார், நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். மத்தியானத்துக்குள் உதட்டில் சிவப்பு திரும்பிவிட்டது. புருஷன் எண்ணெய்ச் சட்டையோடு ஓடி வந்து சுவரில் சாய்ந்து அழுதார். அக்கா அழவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன என்று எட்டிப் பார்த்தேன். அந்த மரம். அதற்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி நின்றது. இன்று காலை நீங்கள் காரில் போனீர்களா? கீழே இரண்டு பொத்தான், ஆம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. நின்று நின்று போனதால், கூடவே அவள் நடந்ததால் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"என்ன போட எம்மா?" என்றாள் அக்கா. "இல்லன்னு போட்டா ஆண்டவருக்கு முன்னால பொய். ஆமான்னு போட்டா…"

"ஒண்ணும் போட வேண்டாம். தூக்கிக் குப்பையில போடுங்க. பிள்ளை உயிரோட இருக்கா, அதைப் பாருங்கக்கா."

"நீ அமுக்கு. நீ அமுக்குனா எம் மேல வராதுல்லா?"

"நான் தொட மாட்டேன்."

கிருபா முகத்தில் மாஸ்க்கோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளுகோஸ் ஏறாத கையை நீட்டினாள். அக்கா என்னவென்று புரியாமல் குனிந்தாள். பிள்ளை ஃபோனைத் தன் பக்கம் சாய்த்து, ஒரு விரலால் ஆம் என்பதை அமுக்கிவிட்டாள். எல்லா இலையும் உதிர்ந்தது. குருவி பறந்துவிட்டது.

"ஏன்ட்டி?" என்றாள் அக்கா. "ஏன்ட்டி இப்பிடிப் பண்ணுன?"

கிருபா மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நீ வந்தேல்லா" என்றாள். "என்கூடத்தான வந்த. வந்ததை எதுக்கு இல்லன்னு போடணும்?"

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். ஆட்கள் போய் வரும் வழியில் முழங்கால் போட்டு, தலை தரையில் படும்படி கவிழ்ந்திருந்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சரி, அழட்டும், இதோடு இந்தப் பேய் அவளை விட்டது என்று நான் நினைத்தேன். பிள்ளை சொன்னது அவள் மண்டையில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு மனசு லேசாகிவிட்டது. கான்டீனுக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். காரைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனேன். அன்றைக்கும் வானம் அதே சாம்பல்தான். புருஷன் பைகளோடு முன்னால் ஏறிக்கொண்டார். கிருபா பின்னால் ஏறி, அம்மாவுக்கு இடம் விட்டு, அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சீட்டில் வடாபாவ்காரன் விட்டுப்போன சட்னிக் கறையின் மேல் தன் துண்டை விரித்துவைத்தாள், அம்மாவின் புடவையில் ஒட்டிவிடாமல் இருக்க.

அக்கா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள்.

"ஏறுட்டி, நேரமாவுது" என்றார் புருஷன்.

"நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

"இன்னுமா?" என்று நான் கத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்லேருந்து தொடங்கிருக்கேன் எம்மா" என்றாள். கெஞ்சுகிற குரல். "அன்னைக்கு நான் ஏறுன பொறவும் ஆண்டவரு பிள்ளையத் தந்திருக்காருலா? அப்ப நான் எம்புட்டு கட்ட வேண்டியதிருக்கு, நீயே சொல்லு. இந்தத் தடவ விடவே மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன். கிருபா, அம்மா பின்னாலேயே வந்திருவேன் என்னா?"

கிருபா அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பிறகு விரித்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் நகர்ந்து வந்து, அம்மாவின் கை படாமல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"சலோ ஆன்ட்டி" என்றாள்.